துண்டுக்குள் பேசியது

ஜூன் 12, வியாழன்

இந்த நோட்டை நான் கேட்டு வாங்கவில்லை. ஜெமிமா என்று ஒரு பெண், பாளையங்கோட்டைக்காரி, சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். நிறையப் பேர் கையை நீட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் ஆட்டுச் சந்தையைப் பற்றி எழுதப்போகிறாளாம். அதற்கு நான் தினமும் நடந்ததை இதில் எழுதித் தர வேண்டுமாம்.

"நீ எழுதறதுக்கு நான் எதுக்குக் கண்ணு எழுதோணும்?"

"இதுவும் ஒரு ஆராய்ச்சி முறைதாம்மா. நாட்குறிப்பு முறைன்னு பேரு."

நான் எழுதுவேன், அவள் படிப்பாள், பட்டம் அவளுக்கு. நல்ல வியாபாரம். எங்கள் சந்தையை ஏன் பிடித்தாய் என்று கேட்டேன். முதலில் வேறொரு தலைப்பு எடுத்தாளாம், அதை ஏற்கெனவே பல பேர் எழுதிவிட்டார்கள் என்று பேராசிரியர் தள்ளிவிட்டார். அடுத்த தலைப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்தச் சந்தைக்கு அவள் விடுதியிலிருந்து ஒரே பஸ். அவள் சொன்னதில் எனக்குச் சட்டென்று புரிந்தது அந்த பஸ் மட்டும்தான்.

ஒரு சங்கதி பிடித்திருந்தது. அவள் படிக்க வேண்டாம் என்று நான் நினைக்கிற பக்கத்தை மடித்துப் பின் அடித்துவிட்டால் பிரிக்க மாட்டாளாம். பின் அடிக்கும் மிஷினும் கொடுத்திருக்கிறாள்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னாள். மயிலாத்தாள். வயது ஐம்பத்து நாலு. எட்டாவது வரை படிப்பு. வீட்டுக்காரர் போனபோது கையில் இருந்தது இரண்டு வெள்ளாடு. இப்போது வாராவாரம் ஒரு வண்டி ஆடு வாங்கி ஏற்றுகிறேன். இந்தச் சந்தையில் பொம்பளை வியாபாரி நான் ஒருத்திதான். போதும், ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். 

ஜூன் 13, வெள்ளி

துண்டைப் பற்றி எழுதியாயிற்றா என்று போனில் கேட்கிறாள். எழுதுகிறேன்.

எங்கள் சந்தையில் வாய்விட்டு விலை பேசுவது கிடையாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலாலேயே பேசுவார்கள். முழு விரலைப் பிடித்தால் ஆயிரம். நடுக்கணுவை அழுத்தினால் ஐநூறு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் பேசியது பேசியதுதான், மாற்றுவது கிடையாது. சந்தைக்குள் வந்த ஆடு துண்டு போடாமல் கைமாறுவதும் கிடையாது.

நான் வியாபாரத்துக்கு வந்த முதல் வாரம் கையை நீட்டினேன். எதிரில் நின்றவன் சுற்றிலும் பார்த்துச் சிரித்துவிட்டுத் துண்டை இழுத்துக்கொண்டான். பொம்பளை கையைப் பிடித்து விலை பேசுவதா என்றான். அன்றிலிருந்து எனக்குக் கை நாச்சிமுத்து. ஆட்டைப் பார்ப்பது நான், எவ்வளவு வரை போகலாம் என்று சொல்வது நான், துண்டு போடுவது அவர். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

சந்தை நாளில் மனிதனை இப்படியா படுத்துவது. அறுபத்து நாலு கேள்வி அச்சடித்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், கருத்து இல்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு கணக்காம். வாசலில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு ஏழாவது ஆளையும் பிடித்தாள். ஏழாவதாக ஓர் ஆள் கிடாயை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் ஒப்புக்கொள்ளலாமா மறுக்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் கிடாய் கயிற்றை உருவிக்கொண்டு தக்காளிக் கடைக்குள் போய்விட்டது.

கறிக்கடை கனி ராவுத்தரிடம், "சந்தையில் நிலவும் நம்பிக்கை உங்களுக்கு மனநிறைவு அளிக்கிறதா?" என்று படித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏந்தங்கச்சி, இந்தப் பொண்ணு எதாவது கட்சியா?"

ஜூன் 22, ஞாயிறு

குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தேன். இரண்டு என் புடவை மேலேயே துப்பின. இதையும் ஆராய்ச்சி செய்துகொள்ளட்டும்.

ஜூன் 26, வியாழன்

கேள்வித்தாளை விட்டுவிட்டாள். எல்லாரும் "பரவால்லீங்" என்று ஒரே பதிலைச் சொன்னார்களாம். அந்தப் பதிலுக்கு அவளுடைய ஐந்தில் இடம் இல்லை. இதை என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அச்சுக் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

இனி உற்று நோக்கும் முறையாம். கழுத்தில் ஓட்டப் பந்தயக் கடிகாரம். துண்டு விழுந்தால் அமுக்குகிறாள், விலகினால் அமுக்குகிறாள். கூடவே தூக்குத் தராசு. உயிரோடு இருக்கிற ஆட்டைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்ததை இந்தச் சந்தை இதுவரை கண்டதில்லை. நாங்கள் இடுப்பெலும்பைத் தடவினாலே சொல்லிவிடுவோம். ஆட்டைத் தூக்கிவிட நாலு ஆள் கேட்டாள். வேடிக்கை பார்க்க நாற்பது ஆள் வந்தார்கள்.

டீக்கடையில் நாச்சிமுத்துவுக்கு மட்டும் பெரிய டம்ளரில் அரை டம்ளர் ஊற்றச் சொன்னேன். அவருக்கு அதிகச் சூடு ஆகாது.

ஜூலை 3, வியாழன்

கறுப்புக் கிடாய் ஒன்று வாங்கினேன். நான் சொன்ன எல்லையைத் தாண்டி ஐநூறு கூடிவிட்டது. நல்ல கிடாய், அதனால் கொடுத்தேன். ராவுத்தர் அதற்குள் சந்தை முழுக்க, "மயிலாத்தா வெலயத் தூக்கி வுட்டுட்டா, நாங்கெல்லாம் கடையச் சாத்தறதா?" என்று பாடிவிட்டார். ஜெமிமா பக்கத்தில் நின்று அதையும் எழுதிக்கொள்கிறாள். தராசில் அந்தக் கிடாய் என்ன எடை என்று எனக்கு வேறு படித்துக் காட்டினாள். நான் கேட்டேனா?

திரும்பும்போது வண்டியில் நாச்சிமுத்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

இந்தப் பக்கத்துக்குப் பின் அடிக்கப்போகிறேன்.

நாச்சிமுத்துவின் வலது கை நடுங்குகிறது. மாசியில் டம்ளர் தளும்புவதைப் பார்த்தேன். பங்குனியில் பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி ஆனது. இப்போது துண்டுக்குள் அவர் ஒரு விரலைப் பிடித்தால், நடுக்கணுவில் தானாக ஓர் அழுத்தம் விழுகிறது. எதிராளி ஐநூறு கூட என்று எடுத்துக்கொண்டு துண்டை உதறிவிடுகிறான். பேசியது பேசியதுதான். நான் எண்ணிக் கொடுத்துவிடுகிறேன்.

வேறு ஆளை வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் நடுங்குகிற கைக்கு இந்தச் சந்தையில் யாரும் துண்டு போட மாட்டார்கள். வெளியே தெரிந்த அன்றைக்கே அவரை ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். சந்தைக்கு வராத நாச்சிமுத்துவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வியாபாரத்துக்காகச் சொல்கிறேன்.

ஆடி முடிகிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. கோயில் கிடா வியாபாரம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். கடிகாரமும் தராசுமாக ஒருத்தி கூடவே திரிகிற வருஷத்திலா இது வர வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

ஜெமிமா பழம் மாதிரி சிவந்த முகத்தோடு வந்தாள். தலைப்பு கிடைத்துவிட்டதாம்.

கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஒரே எடையுள்ள ஆட்டுக்கு ஆண் வியாபாரிகள் கொடுக்கிற விலையைவிட நான் ஒவ்வொரு வாரமும் கூடக் கொடுத்திருக்கிறேன். நீலப் புள்ளியெல்லாம் ஆம்பளைகள். மேலே தனியாக, சந்தைக்கு வந்து வழி தவறின ஆடு மாதிரி நிற்கிற சிவப்புப் புள்ளிகள் நான்.

"துண்டுக்குள்ள கை போட விடாததால, பொம்பளைங்கிறதுக்காகவே நீங்க கூட விலை கொடுக்குதீங்கம்மா. இது ஒரு வரி மாதிரி. பேராசிரியர் ரொம்ப சந்தோசப்பட்டுட்டாங்க. டெல்லியில கருத்தரங்குல வாசிக்கச் சொல்லிருக்காங்க."

"அது தப்பு கண்ணு."

"எப்படித் தப்புன்னு சொல்லுதீங்க?"

"இத்தன வருசத்துல நான் ஏமாந்து ஆடு வாங்குனதே கெடையாது."

"இந்த வருசம் வாங்கிருக்கீங்களே."

சரியான காரணத்தைச் சொன்னால் நாச்சிமுத்துவின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் நான் டெல்லியில் ஓர் அப்பாவிப் பொம்பளை. என் பெயரை மாற்றிப் போடுவாளாம், யாருக்கும் தெரியாதாம். சந்தையில் இருப்பதே ஒரு பொம்பளை. வள்ளி என்று போட்டால் என்ன, தெய்வானை என்று போட்டால் என்ன? இந்தப் பக்கத்துக்கும் பின்.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு ஒரு வண்டி வந்தது. பாதி நனைந்திருக்கிறது. இறக்கியவனைத் திட்டினேன். தேவைக்கு மேலேயே திட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. சந்தையில் கால் வைக்க இடமில்லை. இன்றைக்கென்று அந்தப் பெண்ணுக்குத் தானே துண்டுக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டுமாம். பங்கேற்று நோக்கும் முறையாம். வெளியில் நின்று பார்த்தால் போதாதாம், உள்ளே போய் அனுபவிக்க வேண்டுமாம்.

ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. ராவுத்தர், "எனக்குப் பேரன் பேத்தி இருக்குது தாயி" என்று நகர்ந்துவிட்டார். அப்போது நாச்சிமுத்து, "வா சாமி, நாம் போடறேன். நீ என்ற பேத்தி மாதிரி" என்று துண்டை எடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன், கனைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

ஜெமிமா கடிகாரத்தை அமுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெள்ள மாறியது. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஓர் ஆட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே பார்த்த ஆடு.

"எவ்வளவு சொன்னேன், சொல்லு சாமி?" என்றார் அவர்.

"மூவாயிரத்து ஐநூறு, தாத்தா."

"மூவாயிரந்தான் சாமி" என்றார். துண்டை உதறவில்லை, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடிகாரத்தை நிறுத்த அவள் மறந்துவிட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போதும் அது கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்கே வந்துவிட்டாள். தலைப்பை மாற்றுகிறாளாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒரு ஆட்டுக்குப் பல்லு பாக்கறதுக்குள்ள நீ நாலு தலைப்பு மாத்திப்போட்டயே. டெல்லி என்னாச்சு?"

"வேண்டாம்னு எழுதிட்டேன்மா. ஒரே ஒரு பொம்பளை வியாபாரியை வச்சுப் பொதுவா ஒண்ணும் சொல்ல முடியாது. மாதிரி எண்ணிக்கை போதாதுன்னு."

"அது போன வாரந் தெரியலயா?"

மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். "காரணம் வேற இருக்குன்னு தெரிஞ்சப்புறம் அதை எழுதினா பொய்யாயிரும். வேற காரணத்தை எழுதினா ஒருத்தர் சந்தைக்கு வர முடியாது. எதை ஆராயணும்னு நாங்க எடுக்குறது பஸ்ஸைப் பாத்து மட்டும் இல்லம்மா."

பேராசிரியர் திட்டியிருக்கிறார். ஒரு வருஷம் தள்ளிப்போகுமாம். உதவித்தொகையும் நின்றுபோகலாமாம். இனி டீக்கடையைப் பற்றி எழுதுவாளாம், யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் யாருக்கு வாங்கித் தருகிறார்கள் என்று. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"யாருக்கு மட்டும் அரை டம்ளர்ங்கிறது இருக்கே" என்றாள்.

எழுந்து போய் ஆட்டுக்குத் தட்டுப் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தது. இந்தப் பக்கத்துக்கும் பின்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. நாச்சிமுத்து வந்தார். திருப்பூரில் இருக்கிற மகன் கூப்பிடுகிறானாம். ஆடி கடைசிச் சந்தையோடு நின்றுகொள்வதாகச் சொன்னார்.

"சரிங்க" என்றேன். யாரையும் நான் கட்டிப்போட்டு வைக்கவில்லை.

மகன் இருப்பது மாடி வீடாம், ஆடு வைக்க இடமில்லையாம். அவருடைய நாலு ஆட்டையும் விற்றுவிட்டுப் போக வேண்டும். திருப்பூரில் என்ன இருக்கிறது? பனியன் இருக்கிறது. போய்ப் போட்டுக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாச்சிமுத்து போகிற செய்தி சந்தைக்குத் தெரிந்துவிட்டது. ராவுத்தர் டீக்கடையில் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"நல்லதாப் போச்சு தங்கச்சி. பாவம், அந்தக் கையோட எத்தன நாளைக்கு."

டம்ளரைக் கீழே வைத்தேன். "எந்தக் கையோட?"

"என்ன தெரியாதவளாட்டக் கேக்கற? மாசியில இருந்து நடுங்குதே."

"ஆரு சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? வாராவாரம் அந்தக் கையப் புடிக்கறது நாங்கதான." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "துண்டுக்குள்ள கை குடுத்த அத்தன பேருக்குந் தெரியும். அந்த மனுசனையே ஒருக்கா மெதுவாக் கேட்டேன். அம்மிணிக்குத் தெரியாது, சொல்லீராதீங்கன்னாரு. துண்டுக்குள்ள நடந்ததை வெளிய எப்படிச் சொல்றது?"

"அப்ப அந்த ஐநூறு?"

"வித்தவன் வாங்கீட்டுப் போனான். தானா வர்றதை எவந் திருப்பிக் குடுப்பான்? நீ குடுப்பயா?"

கொடுக்க மாட்டேன். அதனால் திட்டவும் முடியவில்லை.

ஆறு மாதமாக நான் இந்த ஆம்பளைகளுக்குத் தெரியாமல் மறைத்த சங்கதி அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. அவர் எனக்குத் தெரியாது என்று மறைத்திருக்கிறார். இத்தனை பேரில் அந்தக் கையைத் தொட்டறியாதவள் நான் ஒருத்தி. நானே துண்டு போட்டிருந்தால் கூடுதலாக ஒரு ரூபாய் போயிருக்காது. அந்தப் பெண்ணின் சிவப்புப் புள்ளிகள் சரியான இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

வீட்டுக்கு வந்து அரிவாள்மணை நுனியால் பின்களை எல்லாம் நெம்பி எடுத்தேன். விரலில் குத்திவிட்டது. அதுவும் அவளால்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெமிமாவிடம் போனில் சொன்னேன், அந்தப் பழைய தலைப்பையே எழுது, காரணம் முழுவதும் நோட்டில் இருக்கிறது என்று. நாச்சிமுத்துவையும் கேட்டுவிட்டேன். "இனிமே நாம் போறவன், எழுதட்டுமுங்க" என்றார். அவள் போனில் மூக்கை உறிஞ்சினாள். சளியா என்றேன். ஆமாம் என்றாள்.

"பேராசிரியர்கிட்ட அஞ்சாவது தடவையா எப்படிம்மா சொல்லுவேன்?"

"அவுரையும் ஒருக்கா சந்தைக்குக் கூட்டீட்டு வா. தராசுல தொங்க வுடலாம்."

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆடியின் கடைசிச் சந்தை. நாச்சிமுத்து தன் நாலு ஆட்டையும் ஓட்டி வந்து என் கொட்டகைக்கு முன்னே நிறுத்தினார். வெள்ளை வேட்டி, வெளுத்த துண்டு. அவருடைய ஆட்டை வேறு யாருக்கும் விட எனக்கு மனதில்லை. நல்ல ஜாதி ஆடுகள்.

அப்போதுதான் ராவுத்தருக்கு உறைத்தது. "ஏந்தங்கச்சி, துண்டு போடோணுமே. உனக்கு ஆரு கை போடறது?"

இருபத்திரண்டு வருஷமாக என் கை அவர். அந்தக் கை இன்றைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ராவுத்தர், "நான் வேணாப் போடட்டுமா?" என்றார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான்.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினேன். நாச்சிமுத்து சுற்றிலும் பார்க்கவில்லை. துண்டை விரித்து எங்கள் இரண்டு பேர் கை மேலும் போட்டார். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.

விரல் காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. நடுங்கியது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விலை சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆட்டுக்குச் சரியான விலை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"வெளங்கலீங்க" என்றேன். "இன்னொருக்கா சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

"இப்பவும் வெளங்கலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வியாபாரத்தில் என்னால் ஏமாற்ற முடியாதவர் இந்தச் சந்தையில் அவர் ஒருத்தர்தான். நிதானமாக, கட்டை விரலில் இருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. ஆடுகள் உட்கார்ந்துவிட்டன. ராவுத்தர், "நாலு ஆட்டுக்கு இத்தன நேரமா, நாட்டையா வாங்கறீங்க?" என்று முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

துண்டு விலகியபோது ஜெமிமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாத் துண்டுக்கும் நேரம் எடுக்கிற பெண்ணாயிற்றே என்று, பக்கத்தில் போய், "எவ்வளவு நேரம் ஆச்சு கண்ணு?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா" என்றாள். கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள்.